ஜிகா டெங்குவைத் துரத்தியதா? சமன்பாடு எவ்வளவு தூரம் சொல்லும்

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியா பாருங்கள். பிரேசிலில் 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் டெங்கு கொடிகட்டிப் பறந்தது, ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் பேர், 2015-இல் அதற்கும் மேல். அதே சமயத்தில்தான் ஜிகாவும் உள்ளே வந்தது. அப்புறம் 2017, 2018-இல் டெங்கு இரண்டரை லட்சத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. 2019-இல் மறுபடியும் 15 லட்சம். இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு என்பதால், 'ஜிகா டெங்குவைத் தள்ளிவிட்டதா, இதைக் கணித மாதிரியால் நிரூபிக்க முடியுமா, எம்.எஸ்சி. ப்ராஜெக்டாக எடுக்கலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டு வைரஸ்களைப் பற்றியது போல இருந்தாலும், ஒரு கோடு இறங்குவதைப் பார்த்து அது ஏன் இறங்கியது என்று சொல்ல முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. அந்தக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. ஏன் முடியாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம், அதற்குச் சமன்பாடு ரொம்ப உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி: பல வருடமாகத் தொற்றுநோய்க் கணக்குகளில்தான் என் வேலை. மருத்துவன் இல்லை, ஆய்வகத்தில் கொசு வளர்த்தவனும் இல்லை, அதனால் எதிர்ப்பாற்றல் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

அடிப்படையிலிருந்து போவோம். கொசு வழி நோய்களின் கணக்கு ரொனால்ட் ராஸ் காலத்தது. 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர், பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு 'எத்தனை கொசு இருந்தால் நோய் நிற்கும்' என்று எழுதத் தொடங்கினார். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதைச் செம்மைப்படுத்தினார். நோயாளி ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை புது நோயாளிகள் வருவார்கள் என்ற எண்ணை அந்தச் சூத்திரம் தருகிறது. ஆளுக்கு எத்தனை கொசு என்பது அதில் ஒருமுறைதான் வரும், ஆனால் கொசு கடிக்கும் வேகம் இரண்டு தடவை பெருக்கப்படும், வாங்குவதற்கு ஒரு கடி, கொடுப்பதற்கு ஒரு கடி. இதெல்லாவற்றையும் விட முக்கியம் கொசுவின் ஆயுள். வைரஸ் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேரச் சுமார் பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.9 என்றால் பத்து நாள் தாண்டும் கொசு நூற்றில் 35. அது 0.8 என்றால் நூற்றில் 11 கூட இல்லை. அதற்கு மேல் உயிரோடு இருந்து கடிக்கப்போகும் நாட்களும் பாதிக்குக் கீழே குறைகின்றன. இரண்டையும் சேர்த்தால் பரப்பும் திறன் ஏழில் ஒரு பங்காகச் சரிகிறது, கொசு எண்ணிக்கை அப்படியே இருந்தும்! முதிர்ந்த கொசுவைக் கொல்வது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் பின்னால் நிற்கிறது.

இது ஒரு வைரஸுக்கான கதை. இரண்டாவது வைரஸ் வந்தவுடன் எங்கே சிக்கல் என்றால், கொசுவில் இல்லை, மனிதனின் நினைவில். டெங்குவில் நான்கு வகை உண்டு, ஜிகாவைச் சேர்த்தால் ஐந்து. ஒரு மனிதருக்கு இவற்றில் எவையெவை ஏற்கெனவே வந்திருக்கின்றன என்பதற்கு மட்டும் 32 நிலைகள். எந்த வரலாற்றோடு இப்போது எந்த வைரஸால் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்பதற்கு இன்னும் 80. ஒவ்வொரு நிலைக்கும் மாதிரியில் ஒரு பெட்டி என்றால் மொத்தம் 112 பெட்டிகள், இத்தனைக்கும் 'போன மாதம்தான் வந்தது, அதனால் தற்காலிகமாகப் பாதுகாப்பு' என்ற நிலையை இன்னும் சேர்க்கவே இல்லை. வயது, ஊர் எல்லாம் வேறு. கையில் இருக்கும் தரவோ வாரத்துக்கு ஒரு எண். எனவே ஒரு ஆய்வுக்கட்டுரையில் பெட்டிகள் அதிகமாக இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அத்தனையையும் எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

கொசுவுக்குள்ளேயே இரண்டு வைரஸ்களும் போட்டி போடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றையும் ஒரே நேரத்தில் சுமந்து ஒரே கடியில் மூன்றையும் உமிழ ஏடிஸ் எஜிப்தியால் முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். போட்டி இருந்தாலும் ஊர் அளவில் அது பெரிதாக எடுபடாது. நோய் பரவும் காலத்தில்கூடத் தொற்றுள்ள கொசு பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டைத் தாண்டாது. இரண்டும் நூற்றுக்கு ஒன்று என்றால், தனித்தனியாக வாங்கிக்கொள்வதாக வைத்தால், இரண்டையும் சுமக்கும் கொசு பத்தாயிரத்தில் ஒன்று. அந்த ஒன்றில் நடக்கும் சண்டை நாட்டின் வரைபடத்தை மாற்றாது. உங்கள் மாதிரியில் இதை முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

சரி, மனிதனுக்கு வருவோம். சமன்பாட்டில் இரண்டு வைரஸ்களின் உறவைப் பெரும்பாலும் ஒரே எண்ணால் எழுதுவார்கள். 1 என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, 1-க்குக் கீழே என்றால் முதல் தொற்று இரண்டாவதிலிருந்து காக்கிறது, மேலே என்றால் இரண்டாவதைத் தூண்டிவிடுகிறது. பார்க்கச் சுலபம். ஆனால் அந்த எண்ணை எங்கே கொண்டுபோய் ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தொற்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பை மாற்றுகிறதா, தொற்றியவர் கொசுவுக்குத் திருப்பிக் கொடுக்கும் அளவை மாற்றுகிறதா, அல்லது நோயின் கடுமையை மட்டும் மாற்றுகிறதா? மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். டெங்கு தொற்றியவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் வெளியே தெரியும் அளவுக்கு நோய் வருவதில்லை. பழைய எதிர்ப்பாற்றல் தொற்றைத் தடுக்காமல் காய்ச்சலை மட்டும் தணித்தால், வைரஸ் முன்போலவே சுற்றிக்கொண்டிருக்கும், ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் குறையும். நாம் பார்க்கும் கோடு ஆஸ்பத்திரிக் கணக்கின் கோடு.

இப்போது பிரேசிலை ஒரு எளிய கணக்கில் போடுவோம். எண்கள் நானாக வைத்தவை, வசதிக்காக. ஒருவரிடமிருந்து மூவருக்குப் பரவக்கூடிய ஊர், சுற்றிக்கொண்டிருக்கும் டெங்கு வகைக்கு நூற்றில் 60 பேர் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள். மீதி 40 பேர்தான் தொற்றக்கூடியவர்கள், எனவே நிகரப் பெருக்கம் 3 பெருக்கல் 0.4, அதாவது 1.2. ஒன்றுக்கு மேல், நோய் பரவுகிறது. இதை ஒன்றுக்குக் கீழே இறக்க மூன்று வழிகள். முதலாவது, ஜிகா பயத்தில் கொசு ஒழிப்புப் பலமாக நடந்து கொசு 30 சதவீதம் குறைந்தது: 1.2 பெருக்கல் 0.7, வருவது 0.84. இரண்டாவது, கொசு குறையவே இல்லை, ஆனால் ஜிகா 60 சதவீதம் பேருக்கு வந்து, அவர்களில் பாதிப் பேரைத் தற்காலிகமாக டெங்குவிலிருந்து காத்தது: தொற்றக்கூடியவர்கள் 40-இலிருந்து 28 ஆனார்கள், மறுபடியும் 0.84. மூன்றாவது, கொசுவும் குறையவில்லை, ஜிகாவும் காக்கவில்லை, 2015, 2016-இல் டெங்குவே ஊரை மேய்ந்து எதிர்ப்பாற்றல் உள்ளவர்களை 60-இலிருந்து 72-க்கு ஏற்றிவிட்டது: மிச்சம் 28, அதே 0.84. மூன்றிலும் டெங்கு ஒரே வேகத்தில் இறங்கும். வாராந்திர நோயாளி எண்ணிக்கையைக் கணினிக்குக் கொடுத்து 'எது காரணம்' என்று கேட்டால் அது மூன்றையும் சரி என்று சொல்லும், நீங்கள் எந்தப் பெட்டியை வரைந்து கொடுத்தீர்களோ அதற்கு ஏற்றபடி. ஒரு மாதிரி தரவோடு அழகாகப் பொருந்துகிறது என்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. போட்டியாக நிற்கும் மற்ற இரண்டும் பொருந்தாமல் போனால்தான் பேச்சு.

'அப்படியானால் சிக்குன்குனியாவைப் பார்க்கலாமே' என்று ஒரு புத்திசாலி வாதம் உண்டு. அது வேறு குடும்பத்து வைரஸ், டெங்குவுக்கு எதிரான ஆன்டிபாடி அதை எதுவும் செய்யாது, ஆனால் பரப்புவது அதே கொசு. கொசு குறைந்ததுதான் காரணம் என்றால் சிக்குன்குனியாவும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2017-இல் வடகிழக்கு பிரேசிலின் செயாரா மாநிலத்தில் சிக்குன்குனியா பெரிய அளவில் வெடித்தது. எனவே கொசு ஒழிப்பு காரணமில்லை, எதிர்ப்பாற்றல்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? மேலே போட்ட கணக்கையே எடுங்கள். சிக்குன்குனியா அங்கே புதுசு, கிட்டத்தட்ட ஊரே தொற்றக்கூடியது. பெருக்கம் 3. கொசு 30 சதவீதம் குறைந்தால் 2.1. அப்போதும் ஜோராகப் பரவும். விளிம்பில் நிற்கும் டெங்குவைக் கவிழ்க்கப் போதுமான அதே அடி, புதிதாக நுழைந்த வைரஸுக்கு உறைக்கவே உறைக்காது. எனவே அந்த வாதம் பலவீனம். இதைக் கணக்குப் போடாமல் வாயால் மட்டும் பேசினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், மாடலிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

தரவிலேயே இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பிரேசிலில் ஜிகா உறுதியானது 2015 மே மாதத்தில், ஆனால் நோயாளிகளைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக அது ஆனது 2016 பிப்ரவரியில்தான். காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று வந்தவர்களை இடைப்பட்ட காலத்தில் டெங்கு என்று எழுதியிருக்க நிறைய வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையும் காப்பாற்றாது, இரண்டு வைரஸ்களும் நெருங்கிய சொந்தம் என்பதால் ஆன்டிபாடி சோதனை ஒன்றை இன்னொன்றாகக் காட்டும். உச்சத்தில் ஜிகாவும் கலந்திருந்தால், பிறகு வந்த சரிவு உள்ளதை விடச் செங்குத்தாகத் தெரியும். கர்ப்பத்தில் ஜிகா வந்த தாய்மாருக்குத் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் செய்தி வந்து, 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்த பிறகு, பிரேசில் சுமார் 2,20,000 ராணுவத்தினரைக் கொசு ஒழிப்பு விழிப்புணர்வுக்கு வீடுவீடாக அனுப்பியது. இத்தனையும் ஒரே வருடத்தில். எதை எதிலிருந்து பிரிப்பது, சொல்லுங்கள்.

எது நிச்சயம், எது சந்தேகம் என்று இப்போது பார்க்கலாம். டெங்குவின் ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நெடுங்காலப் பாதுகாப்பு, மற்ற வகைகளுக்குக் கொஞ்சகாலப் பாதுகாப்பு என்பது உறுதி. அந்தக் கொஞ்சகாலம் எவ்வளவு என்பதில்தான் இழுபறி. அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஆல்பர்ட் சேபின் 1940-களில் தன்னார்வலர்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்த்தார், இரண்டு மூன்று மாதம்தான் கிடைத்தது. பாங்காக் மருத்துவமனையின் பல பத்தாண்டுத் தரவை மாதிரியில் பொருத்தினால் ஒன்றிலிருந்து மூன்று வருடம் என்று வருகிறது. ஒன்று உடம்பில் நேரடியாக அளந்தது, மற்றது கூட்டத்தின் நடத்தையிலிருந்து ஊகித்தது, இரண்டும் அளப்பது ஒரே விஷயத்தைத்தானா என்பதே கேள்வி.

பாதுகாப்பு வடிந்த பிறகு வரும் ஆபத்தும் உறுதியானதுதான். அரைகுறையாக மிஞ்சிய ஆன்டிபாடி வைரஸைக் கொல்ல முடியாமல், அது நம் செல்லுக்குள் நுழையக் கைகொடுத்துவிடுகிறது. இதற்கு கியூபாவை விடத் தெளிவான இடம் கிடையாது, தீவு என்பதால் எப்போது எந்த வகை வந்தது என்பது நன்றாகத் தெரியும். 1977-இல் முதல் வகை வந்தது, பெரும்பாலும் லேசாகப் போனது. 1981-இல் இரண்டாம் வகை வந்து 3.44 லட்சம் பேர் படுத்து 158 பேர் இறந்தார்கள். 1997-இல் அதே இரண்டாம் வகை சாண்டியாகோ நகரில் மறுபடி வந்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள், அதாவது இருபது வருடத்துக்கு முந்தைய முதல் வகையைச் சந்தித்த தலைமுறை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தப்பினார்கள். இடைவெளி நீண்டதால் ஆபத்து குறையவில்லை, கூடியிருந்தது. நேரத்தோடு மாறும் உறவு இது, ஆகவே அதை ஒரே எண்ணாக எழுதும் மாதிரியை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

ஜிகாவுக்கும் டெங்குவுக்கும் இடையில் என்ன? டெங்கு முதலில், ஜிகா பிறகு என்ற வரிசையில் சான்று நன்றாகவே இருக்கிறது. பிரேசிலின் சால்வடோர் நகரில் ஒரு ஏழைக் குடியிருப்பில் ஜிகாவுக்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். அங்கே 73 சதவீதம் பேருக்கு ஜிகா வந்தது, டெங்கு ஆன்டிபாடி அதிகமாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு குறைவாக இருந்தது. எதிர்த்திசை, அதாவது ஜிகா முதலில், டெங்கு பிறகு, இதுதான் உங்கள் கேள்வி. நிகரகுவாவின் மனாகுவாவில் குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு 2020-இல் சொன்னது, ஜிகா வந்த பிள்ளைகளுக்குப் பிறகு டெங்கு இரண்டாம் வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று. 'ஜிகா காத்தது' என்ற கதைக்கு இது நேர் எதிராகத் தெரிகிறது. ஆனால் முதல் ஓரிரு வருடம் பாதுகாப்பு, அப்புறம் ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகும் என்றுதான் சொல்கிறேன், அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: 2017-இன் சரிவில் மூன்று காரணங்களுமே கலந்திருக்கும், அதில் டெங்கு தானே ஊரைத் தீர்த்ததன் பங்குக்குக் கட்டுரைகளில் கிடைக்கும் கவனம் போதாது என்று நினைக்கிறேன். 2015-இல் ஆடியது பெரும்பாலும் முதல் வகை, 2019-இல் திரும்பி வந்தபோது முன்னால் நின்றது இரண்டாம் வகை. ஜிகாவே இல்லாமலும் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கலாம். இது கருத்துதான், நல்ல தரவு வந்தால் மாறும்.

இதெல்லாம் வெறும் பேப்பர் கணக்கு என்று யாராவது சொன்னால் பிலிப்பைன்ஸைக் காட்டுங்கள். 2016-இல் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா என்ற டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தொற்றுநோய்க் கணக்கு ஆய்வாளர் நீல் ஃபெர்குசன் குழுவினர் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். தடுப்பூசி என்பது உடம்புக்கு ஒரு ஓசையில்லாத முதல் டெங்கு போல என்று வைத்துப் பார்த்தால்தான் பரிசோதனைத் தரவு பொருந்துகிறது, அப்படியானால் முன்பு டெங்குவே வராத பிள்ளைக்கு ஊசி போட்டால் இயற்கையாக வரும் அடுத்த டெங்கு அதற்கு இரண்டாவது டெங்கு போல வேலை செய்யும், ஆபத்து கூடும் என்று அது சொன்னது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 2017 நவம்பரில், தயாரித்த நிறுவனமே முன்பு டெங்கு வராதவர்களுக்கு இதைப் போட வேண்டாம் என்று அறிவித்தது. வைரஸ்களுக்கு இடையிலான உறவைக் கணக்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். தாராளமாக எடுங்கள், ஆனால் 'நிரூபிக்கிறேன்' என்று தலைப்பு வைக்காதீர்கள். ஐந்து வைரஸ் வேண்டாம், இரண்டு போதும். டெங்கு ஒன்று, ஜிகா ஒன்று, நடுவில் தற்காலிகப் பாதுகாப்புக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வெளியேறும் வேகம் ஒரு அளவுரு (தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய எண்). முதலில் நிஜத் தரவைத் தொடவே தொடாதீர்கள். நீங்களே ஒரு உண்மையை முடிவு செய்து, பாதுகாப்பு 18 மாதம் என்று வைத்துப் பொய்த் தரவு உருவாக்கி, நோயாளிகளில் கால்வாசிப் பேரை மட்டும் பதிவு செய்தது போலச் சலித்து, அந்த எண்களிலிருந்து 18 மாதத்தைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் காலத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் மற்ற அளவுருக்களைப் புதிதாகப் பொருத்துங்கள். பொருத்தத்தின் தரம் ஏறக்குறைய தட்டையாகவே இருந்தால் தரவுக்கு அந்த எண் தெரியாது என்று அர்த்தம். பெரும்பாலும் தட்டையாகத்தான் வரும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: வயதுவாரிப் பிரிவு, எந்த வகை என்ற தகவல், ஜிகா நிறைய வந்த ஊர் ஒன்று, கொஞ்சமாக வந்த ஊர் ஒன்று, தொற்றுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்த மாதிரி. எதைச் சேர்த்தவுடன் அந்தத் தட்டை உடைந்து ஒரு பள்ளம் விழுகிறது என்று கண்டுபிடித்து எழுதினால் அதுவே நல்ல ஆய்வேடு. ரத்த மாதிரி சேர்க்கும்போது உடையும் என்பது என் ஊகம், ஊர் ஒப்பீடு மட்டும் போதும் என்று வந்தால் கட்டாயம் இங்கே வந்து சொல்லுங்கள், அதைச் சேகரிப்பது எவ்வளவோ மலிவு.